சின்ன பிள்ளையள தீம் பார்க்குக்கு கூட்டிட்டு போறது தண்டமா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சி தங்கச்சி ஒருத்தி போட்டது, ஏப்ரல் 26):
மூத்தவளுக்கு அஞ்சு முடியப் போவுது, சின்னவனுக்கு ரெண்டு முடிஞ்சிட்டு. லீவுக்கு தீம் பார்க் கூட்டிட்டு போணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கா. எங்க அத்தை சொல்லுதாவ, இந்த வயசுக்கு ஒண்ணுலயும் ஏத்த மாட்டான், காச குடுத்துட்டு வெயில்ல நடந்துட்டு வரப்போறீய, சுத்த தண்டம்னு. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. தண்டம்தானா?

ஏப்ரல் 26, ராத்திரி

தண்டம் இல்ல. ஆனா உங்க அத்தை சொல்லுததுல பாதி நெசம், அத காதுல வாங்காம போனீயன்னா தண்டமாத்தான் ஆவும். நாங்க போயிட்டு வந்தோம், எங்க ரெண்டும் ஏறக்கொறைய இதே வயசு, கூட எங்க ஆச்சி, மயினி, மயினி மவன், அவனுக்கு பதினோரு வயசு. எந்த பார்க்குன்னு மட்டும் கேக்காதீய, நல்லதும் சொல்லப்போறேன், வையவும் போறேன், பேரு எதுக்கு.

மொதல்ல ஒரு சோலி செய்யுங்க. பிள்ளையள செருப்பில்லாம செவுத்தோட ஒட்டி நிப்பாட்டி டேப்பு வச்சு ஒயரத்த அளந்து எழுதிக்கோங்க. அந்த நம்பர் கைல இல்லாம டிக்கெட்டு விலை, பஸ்ஸு, ட்ரெயினு எதையும் பேச வேண்டாம்.

ஏப்ரல் 27

"மூணு வயசு வரைக்கும் எல்லா பார்க்லயும் ஃப்ரீதானே, ஒயரம் எதுக்கு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காவ. எல்லா பார்க்லயும் அப்பிடி கெடையாது. வொண்டர்லா மாதிரி பெரிய பார்க்ல ஒயரம்தான் கணக்கு, 85 சென்டிமீட்டருக்கு கீழ ஃப்ரீ, 85லேர்ந்து 140 வரைக்கும் பிள்ளை டிக்கெட்டு, 140 தாண்டினா பெரியாளு டிக்கெட்டு. வளத்தியான பத்து வயசு பய அப்பா அம்மாவுக்கு சமமா காசு குடுத்துட்டு போவான். சில எடத்துல வயசு கேப்பாவ, ஆதார் கேப்பாவ, எடத்துக்கு எடம் மாறும், கெளம்புததுக்கு முன்னாடி போன் போட்டு கேட்டுருங்க.

உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்க வளர்ச்சி அட்டவணைல ரெண்டு வயசு பிள்ளைக்கு நடுவாந்தர ஒயரம் 86, 87 சென்டிமீட்டர் வரும். அதாவது உங்க சின்னவன் சரியா கோட்டுமேல நிக்கான். அஞ்சு வயசுக்கு 110 பக்கம். பெரிய ரைடுக்கெல்லாம் 140 கேப்பான், அதுக்கு மூத்தவளுக்கே இன்னும் காலம் கெடக்கு.

நாங்க போன எடத்துலயும் கவுன்ட்டர் பக்கத்துல கோடு போட்ட கம்பு ஒண்ணு நின்னுச்சு. ஆச்சி சின்னவன் காதுல "குனிஞ்சு நில்லுல ராசா"ங்காவ. அவன் குனியச் சொன்னா உக்காந்துருவான், உக்காந்துட்டான். டிக்கெட்டு குடுக்க பொண்ணு சிரிச்சிட்டு நிக்கா, ஆச்சி விடுததா இல்ல. இதே ஆச்சி உள்ள போயி ஒரு ரைடு வாசல்ல மூத்தவள்ட்ட "எக்கி நில்லுட்டி, எக்கி நில்லு"ங்காவ. டிக்கெட்டுக்கு குட்டையாவணும் ரைடுக்கு வளரணும்னா பிள்ளை என்னதான் செய்யும்.

ஏப்ரல் 28

எக்கி நின்னு ஏத்தி விட்டாத்தான் என்னன்னு கேக்கீய. ஆபரேட்டர்ட்ட கொஞ்சம் கெஞ்சினா விட்ருவான்னு வேற ஒருத்தர் ஐடியா குடுக்காவ. வேண்டாம் அண்ணாச்சி. ஒயரக் கம்பு சும்மா பந்தாவுக்கு நிக்கல. ரைடுல மடிமேல எறங்குற கம்பி இருக்குல்லா, அது ஒரு குறிப்பிட்ட ஒடம்பு அளவுக்கு செஞ்சது. சின்ன ஒடம்பு உக்காந்தா கம்பிக்கும் இடுப்புக்கும் நடுவுல எடம் கெடக்கும், வண்டி குலுக்குத குலுக்குல கீழால வழுக்கிரும். தோளுக்கு வாரது கழுத்துல நிக்கும். பிள்ளைக்கு பயம் இருக்கா இல்லையாங்கிறது இதுல பேச்சே இல்ல. எங்க மூத்தவளுக்கு பயம்னா என்னன்னே தெரியாது, அதுதான் எங்களுக்கு பயம்.

விட்ருங்கன்னு கெஞ்சுனதும் விடுத ஆபரேட்டர் இருந்தா அந்த ரைடுல பெரியாளுகளும் ஏறாதீய.

ஏப்ரல் 29

இப்ப தண்டம் விசயத்துக்கு வாரேன். பொழுது எதுல கெட்டுப் போவுதுன்னா "குடுத்த காசுக்கு மொதலு எடுக்கணும்"ங்கிற நெனப்புல. எங்க வீட்ல அவிய கேட்டுக்குள்ள நொழையும்போதே மேப்ப விரிச்சு பேனா வச்சு வட்டம் போட ஆரம்பிச்சாச்சு. டிக்கெட்டு இவ்வளவு, ரைடு இத்தன, ஒண்ணுக்கு இவ்வளவு விழுது, அதனால மத்தியானத்துக்குள்ள இன்னது இன்னது முடிக்கணும், அப்பத்தான் சாயந்திரம் தண்ணிக்கு நேரம் இருக்கும்னு. கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, பிள்ளையதான் அதுக்குள்ள அடங்கல.

சின்னவன் உள்ள போன கொஞ்ச நேரத்துல ஒரு தவளை ரைடப் பாத்துட்டான். பத்தடி மேல போவும், தொபுக்கு தொபுக்குன்னு எறங்கும், அவ்வளவுதான். எறங்கினான், திரும்பப் போயி வரிசைல நின்னான். எறங்கினான், திரும்ப வரிசை. அவிய வாட்சப் பாக்காவ, மேப்பப் பாக்காவ, "ஏல அங்க ரயிலு இருக்கு, பேய் வீடு இருக்கு, வாலே"ங்காவ. அவன் வரல. தூக்கிட்டு நடந்தாவ. அவன் அழுத அழுகைல மோர் கடைக்காரர் வெளிய வந்து எட்டிப் பாத்தாவ. தூக்கிட்டுப் போன ரைடுல ஏத்தவே முடியல, திமிறி எறங்கிட்டான், வரிசைல நின்ன நேரமும் போச்சு, பொறவு தவளைக்கே வந்து சேந்தோம்.

நான் அவியட்ட சொன்னேன், அவனுக்கு தவளை போதும்னா நமக்கு ஏன் போதாது, இவன் நூறு தரம் ஏறுனாலும் அதே டிக்கெட்டுதானேன்னு. அவியளுக்கு மனசு ஒப்பல. இருவது ரைடு இருக்க எடத்துல ஒண்ணுலயே கெடந்தா மிச்சம் எல்லாம் வீணாப் போவுதாம். கல்யாண வீட்டு பந்தில இலைல போட்டதெல்லாம் தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்னு வளந்த ஆளு, என்ன செய்ய.

டிக்கெட்டு கூடுதல்தான், இல்லன்னு சொல்லல. அதுல வரியே 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப 28 சதவீதம், 2018 ஜனவரில 18 ஆக்குனாவ. டிக்கெட்டு போக லாக்கர், டிரெஸ்ஸு, சாப்பாடு, ஃபோட்டோன்னு உள்ள போன பொறவு கரையுததுதான் கூட. ஆனா அந்தக் காசு கேட்டுலயே போயிட்டு. பிள்ளைய ஓட்டிட்டு ஓடுனா திரும்பி வராது.

இன்னொண்ணு, மத்தியான ஒறக்கம். ரெண்டு வயசுக்காரன் மத்தியானம் ஒரு மணிக்கு கண்ண சொருவுவான், அது தீம் பார்க்கா இருந்தாலும் சரி, துக்க வீடா இருந்தாலும் சரி. அந்த நேரத்துக்கு நெழலான எடமா ஒண்ணு காலைலயே பாத்து வச்சுக்கோங்க. துண்டு விரிச்சு போட்டு ஒரு ஆள் காவலுக்கு உக்காந்தா மத்தவங்க சுத்தலாம். ஒறங்க விடாம இழுத்தா சாயந்திரம் நாலு மணிக்கு மேல உங்களுக்கு வாழ்க்கையே வெறுத்துரும்.

மே 1

சாப்பாடு பத்தி சுருக்கமா. பெரிய பார்க்ல வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டான், கைக்கொழந்தை சாப்பாடுன்னா பொதுவா விடுவான், அதையும் கேட்டுக்கோங்க. எங்க ஆச்சி புளியோதரையும் எள்ளுத் தொவையலும் கட்டிட்டு வந்து கேட்டுல செக்யூரிட்டிட்ட "இது கொழந்தை சாப்பாடுதான், அவன் இதத்தான் திம்பான்"னு ஒரு தூக்குச்சட்டியக் காட்டுனாவ. விடல. வெளிய கார் நிப்பாட்டுன எடத்துல வேப்பமரத்து நெழல்ல காலைலயே தின்னு தீத்துட்டு உள்ள போனோம், அதுவும் ஒரு வகைல நல்லதாப் போச்சு, உள்ள மத்தியானம் தோசை விலையப் பாத்து யாருக்கும் பசிக்கல.

மே 2

"குத்தாலம் இருக்கும்போது எதுக்கு தீம் பார்க்கு, அருவிக்கு எவன் டிக்கெட்டு கேக்கான்"னு பாளையங்கோட்டை அண்ணாச்சி வந்துட்டாவ. வருவாவன்னு தெரியும். அண்ணாச்சி, மே மாசம் குத்தாலத்துல பாறையத்தான் பாக்கலாம், கோடை மழை பேஞ்சாத்தான் தண்ணி, சீசனே ஜூன்லதான் எறங்கும். அப்ப பள்ளிக்கூடம் தொறந்துருவான். அதோட அது இப்ப நம்ம மாவட்டமும் இல்ல, 2019லயே தென்காசிக்கு போயிட்டு, நீங்க இன்னும் நம்ம குத்தாலம் நம்ம குத்தாலம்னு சொல்லிட்டு இருக்கீய.

வெளையாட்டு போவட்டும். 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல எல்லாரும் குளிச்சிட்டு இருக்கும்போதே வெள்ளம் எறங்கி நம்ம திருநவேலிப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டு போயிட்டான். கீழ வெயிலடிக்கும், மேல மலைல மழை பேஞ்சா நமக்குத் தெரியாது. எனக்கு அருவி பிடிக்காம இல்ல, எங்க ஆச்சி தோள்ல உக்காந்து புலியருவில குளிச்சவதான் நானும். சின்ன பிள்ளையளுக்கு அங்க புலியருவிதான் தோது, பேரருவிக்குள்ள ரெண்டு வயச தூக்கிட்டு முண்டிட்டு போறவியளப் பாத்தா வயித்தக் கலக்குது.

அண்ணாச்சி சொன்னதுல ஒண்ண ஒத்துக்கிடுதேன். கைல காசு கம்மின்னா தீம் பார்க்குதான் வேணும்னு இல்ல. கொக்கிரகுளத்துல அறிவியல் மையம் இருக்குல்லா, 1987ல தொறந்தது, ஆத்தங்கரைல. டிக்கெட்டு ஒண்ணும் பெருசு கெடையாது, டைனோசர் நிக்கி, கையால சுத்தி அமுக்கி பாக்கதுக்கு என்னென்னவோ இருக்கு. நாங்க தீம் பார்க் போறதுக்கு முன்னாடி ஒத்திகை பாக்கணும்னே பிள்ளையள அங்கதான் கூட்டிட்டு போனோம், எவ்வளவு நேரம் நடப்பான், எப்ப சிணுங்குவான், தண்ணி எவ்வளவு குடிப்பான்னு எல்லாம் தெரிஞ்சு போச்சு. நீங்களும் செஞ்சு பாருங்க.

மே 3

தண்ணில "குளோரின் வாடை நல்லா தூக்கலா அடிச்சா பயப்படாம எறக்கலாம், சுத்தமா இருக்குன்னு அர்த்தம்"னு ஒரு அக்கா போட்டிருக்காவ. அக்கா, நேர் எதிரு. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேரும்போது குளோரமைன்னு ஒண்ணு உண்டாவும், அந்த மூக்க அரிக்கிற வாடை அதோடது. கண்ணு செவக்கதும் அதனாலதான். அளவா மருந்து போட்டு ஆளுங்க குளிச்சிட்டு எறங்குன கொளத்துல அவ்வளவு வாடை இருக்காது. வாடை தூக்குனா, குளோரின் வேலை செஞ்சு செஞ்சு களச்சுப்போச்சுன்னு வச்சுக்கோங்க. எறங்குததுக்கு முன்னாடி ஷவர்ல நில்லுங்கன்னு போர்டு போட்டிருக்கது இதுக்குத்தான், ஆனா பத்து பேர்ல ஒருத்தர் கூட நின்னு நான் பாக்கல.

அமெரிக்காவுல சிடிசின்னு நோய்த் தடுப்பு அமைப்பு ஒண்ணு இருக்கு, அது சொல்லுத அளவு, கொளத்துத் தண்ணில குளோரின் கொறஞ்சது 1 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு, பிஎச்ங்கிற அமில கார அளவு 7.0லேர்ந்து 7.8. நம்ம போயி அளந்து பாக்க முடியாது. அடித்தரை பளிச்சுன்னு தெரியுதா, ஓரத்துல வழவழன்னு இருக்கான்னு பாருங்க. நாங்க போன எடத்துல பிள்ளைய கொளம் காலைல கண்ணாடியா இருந்துச்சு, மூணு மணிக்கு மேல கலங்கிட்டு. அதனால தண்ணிய காலைல வச்சுக்கோங்க, வெயிலும் ஏறாது, தரையும் காலச் சுடாது. மேப்புல வட்டம் போட்ட மனுசன் அத சாயந்திரத்துக்கு வச்சிருந்தாவ.

வயித்தால போற பிள்ளைய தயவுசெஞ்சு எறக்காதீய. டயப்பர் மாட்டிருக்கேன்ல்லான்னா அது தண்ணிக்குள்ள எதையும் தடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி, நல்லா குளோரின் போட்ட தண்ணிலயே நாள்கணக்குல சாவாம கெடக்கும்.

மே 3, ராத்திரி

டிரெஸ்ஸு சொல்ல மறந்துட்டு. காட்டன் போட்டுட்டு தண்ணில எறங்க விட மாட்டான், நைலான் மாதிரி துணிதான். காட்டன் தண்ணியக் குடிச்சு கனத்துப் போவும், நூலு பிரிஞ்சு ஃபில்ட்டர அடைக்கும். ஊர்லயே வாங்கிட்டுப் போங்க, அங்க கடைல விலை வேற. ஆச்சி சேலையோட எறங்குவேன்னு நின்னாவ. நீச்சல் உடுப்பு வாடகைக்கு தருவோம்னு சொன்ன பயல பாத்த பார்வைல அவன் பைய நழுவிட்டான்.

மே 5

இது மட்டும் வெளையாட்டு இல்லாம படிங்க. தண்ணில முங்குத பிள்ளை கத்தாது. சினிமால வார மாதிரி கைய ஆட்டி காப்பாத்துங்கன்னு கூப்பிடாது. வாயி தண்ணிமட்டத்துக்கு கீழயும் மேலயுமா போயிட்டு வரும், மூச்சு விடவே நேரம் பத்தாது, சத்தம் எங்கேர்ந்து வரும். ஒரு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். முழங்கா அளவு தண்ணி போதும்.

ஆபத்து யாரும் இல்லாதப்ப மட்டும் வாரது இல்ல, அஞ்சு பெரியாளு சுத்தி நிக்கும்போதும் வரும். அம்மா பாக்கான்னு அப்பா, அப்பா பாக்காருன்னு அம்மா, ரெண்டு பேரும் பாக்காவன்னு ஆச்சி. எங்க மயினி இதுக்கு ஒரு வழி வச்சிருக்காவ, அவியளே கண்டுபிடிச்சது. ஒரு சிவப்புத் தொப்பி. தலைல தொப்பி இருக்க ஆளுதான் அப்ப பிள்ளைக்கு பொறுப்பு, போன் எடுக்கக் கூடாது, வேற பேச்சு பேசக் கூடாது. அலுத்தா வாயத் தொறந்து "இந்தா பிடி"ன்னு சொல்லி அடுத்தாள் தலைல மாட்டி விட்டுட்டுத்தான் நவுரணும். பாக்க கோட்டி மாதிரித்தான் இருக்கும். பக்கத்துல நின்ன மலையாளக் குடும்பம் ஏதோ வேண்டுதல்னு நெனச்சிருப்பாவ.

கைல மாட்டுத காத்தடச்ச வளையத்த நம்பாதீய, அது வெளையாட்டுச் சாமான், பாதுகாப்புக்குன்னு செஞ்சது இல்ல. பார்க்லயே லைஃப் ஜாக்கெட்டு தருவாவ, சின்ன சைஸ் இருக்கான்னு கேளுங்க. வேவ் பூல்ல சங்கு ஊதுனதும் எல்லாரும் ஆழத்தப் பாத்து ஓடுவாவ, நீங்க பிள்ளையோட கரையிலயே இருங்க. கரையில கணுக்கால் தண்ணிதான்னு கைய விட்றாதீய, அலை திரும்பிப் போறப்ப காலடிய இழுக்கும், ரெண்டு வயசு உக்காந்துரும், அடுத்த அலை மூஞ்சிக்கு மேல.

ஒதடு நீலம் பாஞ்சு நடுங்க ஆரம்பிச்சா அவன் எவ்வளவு அழுதாலும் தூக்கிருங்க. சின்ன ஒடம்பு சூட்ட சட்டுன்னு விட்ரும்.

மே 6

மயினி இதெல்லாம் படிச்சிட்டு போன் போட்டாவ. தொப்பி விசயத்துக்கு சந்தோசம், ஏப்ரல் 29ல எழுதுனதுக்கு கோவம். "எல்லாம் சின்னதுவ இஷ்டத்துக்குன்னு எழுதிட்டே, எம்மவன் பாவம் அந்த தவளைக்கு முன்னாடியே நின்னுட்டு கெடந்தான், அவனுக்கும் அதே காசுதானே குடுத்தோம்"ன்னாவ. நெனச்சுப் பாத்தா அவிய கேக்கது நியாயம். பதினோரு வயசுப் பய ரோலர் கோஸ்டர் ஏறணும்னு ராத்திரியெல்லாம் ஒறங்காம வந்தவன், ரெண்டு வயசுக்காரனோட வேகத்துல எப்பிடி நடப்பான்.

அதனால அன்னைக்கு எழுதுனதுல இத சேத்துக்கோங்க. கலந்த வயசுல போனீயன்னா கேட்டுலயே ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சிருங்க. பெரிய பயலோட ஒரு ஆள், சின்னதுவளோட மிச்சம் பேர், சந்திக்கிற எடமும் நேரமும் முதல்லயே பேசி வச்சுக்கிடணும். தண்ணிக்குள்ள போனா போன் லாக்கர்ல கெடக்கும், கூப்பிட முடியாது. நாங்க மத்தியானத்துக்கு மேலதான் பிரிஞ்சோம், அவன் கொலம்பஸ்ல ஏறி எறங்கி பச்ச நெறத்துல வந்தான், வாந்தி எடுத்தான், வாயக் கழுவிட்டு திரும்ப ஏறணும்னான். அந்த மொகத்துல இருந்த தெளிச்சிய காலைலேர்ந்து நான் பாக்கல.

எல்லாரும் சேந்தே இருக்கணும், குரூப் ஃபோட்டோல எல்லாரும் நிக்கணும்ங்கிறதும் மொதலு எடுக்க நெனப்புதான்னு இப்ப தோணுது. மயினிட்ட இத சொல்லல.

மே 8

எங்க போவலாம்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டீய. நம்ம திருநவேலிலேர்ந்து கன்னியாகுமரி கிட்டக்க, 85 கிலோமீட்டர், அங்க பேவாட்ச். மதுரைப் பக்கம் பரவைல அதிசயம், 160 கிலோமீட்டர்னு வைங்க. திருவனந்தபுரம் பக்கம் வெம்பாயத்துல ஹேப்பிலேண்ட். பெருசுன்னா கொச்சி வொண்டர்லா, 2000ல வீகாலேண்டுங்கிற பேர்ல ஆரம்பிச்சது, வி-கார்டு கம்பெனிக்காரவிய. 2025 டிசம்பர்ல சென்னைக்கும் வந்துட்டு, ஆனா நமக்கு கொச்சியே பக்கம். ரெண்டு வயசு, அஞ்சு வயசுக்கு கிட்டக்க இருக்கது போதும். பெரிய பார்க்ல உங்க பிள்ளையளுக்கு உள்ள பகுதி ஒரு மூலைலதான், மிச்சத்துக்கு நீங்க காசு குடுக்கீய.

கொச்சிதான்னா பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கு. இப்ப தூத்துக்குடிலேர்ந்து வருது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல திருநவேலில ஏறுனா காலைல எர்ணாகுளம் டவுன். செங்கோட்டை, புனலூர் வழி. மீட்டர்கேஜ எடுத்துட்டு 2018ல அகலப் பாதை வந்த பொறவுதான் இந்த சௌகரியம். பதிமூணு கண்ணு பாலம் இருட்டுல போயிரும், பிள்ளையள எழுப்பி காட்டணும்னு நெனக்காதீய.

காரு, பஸ்ஸுன்னா ஆரியங்காவு வளைவுல வாந்தி. ரெண்டு வயசுக்கு கீழ உள்ளதுவளுக்கு பொதுவா வராது, ரெண்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான் கூட. காதுக்குள்ள இருக்க பேலன்ஸ் உறுப்பு ஆடுதுன்னு சொல்லும், கண்ணு போன் திரையப் பாத்துட்டு ஆடலன்னு சொல்லும், மூளை கொழம்பிப் போயி வயித்துல காட்டும். போன பிடுங்கி வச்சிட்டு தூரத்துல உள்ளத வேடிக்கை பாக்க வைங்க. இட்லி ரெண்டு போதும். எலுமிச்சம்பழம் மோந்து பாத்தா நிக்கும்னு ஆச்சி சொல்லுதாவ, எங்க மூத்தவ மோந்து பாத்துட்டே எடுத்தா.

மே 9

பேச்சு எங்கயோ போயி "நம்ம கோயில் கொடைல வார ராட்டினத்துக்கு ஈடாவுமா"ன்னு நிக்கி. நான் என்ன, எனக்கும் அதுதான். நெல்லையப்பர் ஆனித் திருவிழாவுக்கு பொருட்காட்சி போட்டா முதல் நாளே போயி நிக்கிற ஆளு நான். கையால சுத்துத தொட்டில் ராட்டினம் இருக்குல்லா, அதுல பிள்ளை அழுதா சுத்துதவர் ஒடனே நிப்பாட்டுவாரு, அந்த வசதி எந்தக் கம்ப்யூட்டர் ரைடுலயும் கெடையாது.

ஜயண்ட் வீலு மொதமொதல்ல சிகாகோல 1893ல ஃபெர்ரிஸ்ங்கிற இன்ஜினியர் செஞ்சது, 80 மீட்டர் ஒயரம், 36 பெட்டி, ஒரு பெட்டிக்கு 60 பேராம். ஒரு பெட்டில நம்ம தெருவே ஏறிரும்.

கொடை ராட்டினத்துல ஏத்தும்போது கம்பிக்கு கொண்டி இருக்கா, கயிறு கட்டி வச்சிருக்கானான்னு மட்டும் பாருங்க. கயிறுன்னா பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்து கூட்டிட்டு வந்துருங்க.

மே 11

அக்னி நட்சத்திரம் ஓடிட்டு இருக்கு, போறவிய ஓஆர்எஸ் பொட்டலம் எடுத்துக்கோங்க. முழுப் பொட்டலத்தயும் அதுல போட்டிருக்க அளவு தண்ணில கலக்கணும், பெரிய பொட்டலம்னா முழு ஒரு லிட்டர், பாதிப் பொட்டலத்த டம்ளர்ல கலக்காதீய, உப்பு தூக்கலாப் போயிரும். கடைல கலர் கலரா டப்பால ஓஆர்எஸ்னு எழுதி வித்துட்டு இருந்தாம்லா, அது சக்கரத் தண்ணி. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலா இல்லாததுக்கு அந்தப் பேர வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தடை போட்டுட்டு. பொட்டலத்துல டபிள்யூஎச்ஓ ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

மே 12

"உங்க மூத்தவளுக்கு என்ன பிடிச்சுதுன்னு சொல்லவே இல்லையே"ன்னு கேட்டிருக்கீய. பார்க்ல கரடி வேசம் போட்டு ஒரு ஆள் சுத்துவாரு, பிள்ளையளோட ஃபோட்டோக்கு நிப்பாரு. இவ கக்கூஸ் போயிட்டு வாரப்ப பொறத்தால ஒரு சந்துல அவரு தலையக் கழத்தி வச்சிட்டு தண்ணி குடிச்சிட்டு இருந்தாரு, சட்டையெல்லாம் ஊத்தி எடுத்த மாதிரி நனஞ்சு போயி. மத்த பிள்ளையன்னா பயந்திருக்கும். இவ கிட்டப் போயி "மாமா உள்ள ஃபேன் இல்லையா"ன்னு கேட்டா. அவரு சிரிச்சிட்டு இல்லம்மான்னாரு.

ஊருக்கு வந்த பொறவு தெருவுல எல்லார்ட்டயும் அதுதான் சொல்லிட்டு திரிஞ்சா, கரடிக்குள்ள ஒரு மாமா இருக்காவ, அவியளுக்கு ஃபேன் கெடையாதுன்னு. ரைடு ஒண்ணு பேர் கூட அவ வாயில வரல. அவிய கேட்டு கேட்டு பாத்தாவ, ரயிலு பிடிச்சுதா, கப்பு சாசர் பிடிச்சுதான்னு. ஃபேன் ஏன் வைக்கலன்னு திருப்பி கேக்கா.

எனக்கும் அத நெனச்சா கோவம்தான். அந்த வெயில்ல கம்பளிக்குள்ள ஒரு மனுசன நாள் பூரா நிப்பாட்டி வைக்க பார்க்குக்கு பேட்டரில ஓடுத சின்ன ஃபேன் வாங்க காசு இல்லையாமா. வையப்போறேன்னு முதல் நாள் சொன்னேன்ல்லா, அது இதுக்குத்தான்.

மே 14

கல்லிடைக்குறிச்சி தங்கச்சி, சின்னவன் 86, மூத்தவ 108னு போட்டிருக்கிய, அத்தையும் கூட வாராவன்னா ரொம்ப நல்லது, டாய் டிரெயின்ல சின்னவனோட ஏத்தி விடுங்க. எங்க ஆச்சி அதுலேர்ந்து எறங்கவே இல்ல, தவளைக்கு அவன் மாதிரி ரயிலுக்கு இவிய. செவ்வா, புதன்னு பாத்து போங்க, சனி ஞாயிறு வேண்டாம். குளோரின் சங்கதி அத்தைட்ட இப்ப சொல்லாதீய, வர மாட்டாவ.

நைலான் டவுசரு வீட்டுக்காரருக்கு எடுக்கும்போது ஒரு சைஸ் சின்னதாவே எடுங்க. தண்ணில எலாஸ்டிக் தளந்துரும், எங்க வீட்ல அவிய சறுக்குல வந்து விழுந்த பொறவு ரொம்ப நேரம் தண்ணிய விட்டு எந்திரிக்காம கழுத்தளவுல உக்காந்திருந்தாவ, நான் துண்டு எடுத்துட்டு வார வரைக்கும்.